மாப்பிள்ளை வண்டிக்கு நான் எண்ணெய் மாற்றிய விதம்

ஏகாம்பரநாதர் துணை

காஞ்சிபுரம்,
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை சிவராஜ் அவர்களுக்கு, அத்தை தையல்நாயகி எழுதிக்கொண்டது. இங்கே நானும் அகிலாவும் குழந்தைகளும் நலம். பெங்களூரு ஆஸ்பத்திரியில் உங்கள் இடது கால் நாளுக்கு நாள் தேறி வர அம்மனை வேண்டிக்கொள்கிறேன். எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகக் கை வரவில்லை. உங்கள் கார் வண்டி சுகமாக இல்லை. அது உங்களுக்கே தெரியும். ஏன் சுகமாக இல்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

கல்யாணமான நாளிலிருந்து நான் உங்கள் எதிரே நின்று பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் இருந்து 'அவரைச் சாப்பிட வரச் சொல்லு அகிலா' என்பதோடு சரி. போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பிவிடு என்று என் தம்பி கைலாசம் சொன்னான். அதில் என் குரல் நடுங்குவது கேட்கும். எழுத்து நடுங்கினால் வயசு என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் அந்த ஐந்து வகுப்பிலும் எழுத்துப் பிழைக்காக ஒரு அடி வாங்கினவள் இல்லை. பட்டு நூல் எடுக்க அங்கே வருகிற உதயகுமாரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் எதிரில் பிரிக்காதீர்கள்.

மாப்பிள்ளை, வண்டியைக் கெடுத்தது கோதண்டபாணி இல்லை. நான்.

போன வெள்ளிக்கிழமை கோதண்டபாணி தன் வண்டிப் பட்டறையிலிருந்து வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கியர் எண்ணெய் பழசாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றுகிறேன், சிநேகிதன் சிவராஜ் ஊர் திரும்பும்போது வண்டி தயாராக இருக்கவேண்டும் என்று சொல்லிப் புது எண்ணெய் டப்பாவை நம் வீட்டு நடையில் வைத்தான். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். நல்ல மாதுளைச் சிவப்பு. 'இன்னாப்பா, எண்ணெய்க்குப் போய் இவ்ளோ நல்ல சாயம் போட்டிருக்கறாங்க' என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். அவன், 'பெரிம்மா, இது உங்க சாயத்தொட்டி வேலை இல்ல. டப்பாகிட்டகூடப் போவாதீங்க, உங்களுக்குப் புரியாது' என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சிரித்துக்கொண்டு சொன்னதுதான் எனக்குத் தைத்துவிட்டது. நிறத்தைப் பற்றி எனக்குப் புரியாதாம். பட்டுக்கடைக்காரர்கள் புடவையை வெயிலில் பிடித்துக் காட்டி, இது என்ன அரக்கு, பழைய அரக்கா புது அரக்கா என்று கேட்டுப் போவது என்னிடம். இரவெல்லாம் அவன் சிரிப்பே காதில் இருந்தது.

மறுநாள் அகிலா ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறினதும் கைலாசத்தைக் கூப்பிட்டேன். அவனுக்கு என்ன வேலை, எப்போதும் கையில் போன்தான். 'அக்கா, வீட்டுலயே மாத்தலாம்னு வீடியோவுல ஒருத்தர் செஞ்சுக்கினு இருக்கறாரு பாரு. கீழ ஒரு திருகாணியக் கழட்டிப் பழசை எறக்கணும், மேல ஒரு குச்சிய உருவிட்டு அந்தக் குழாயில புதுச ஊத்தணும். இவ்ளோதான். இதுக்கு ஒரு மெக்கானிக்கு, அவனுக்கு ஒரு டீ' என்றான். புது எண்ணெய் சிவப்பாக இருக்கும், கெட்ட எண்ணெய் கறுத்துப் போயிருக்கும் என்றும் வீடியோக்காரர் சொன்னார். எனக்கு அது போதும் என்று வீடியோவை நிறுத்தச் சொன்னேன். நிறத்தைச் சொல்லிவிட்டால் மீதியை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா?

குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் தொட்டியைத் தள்ளிக்கொண்டு கைலாசம் வண்டிக்கு அடியில் போனான். அவன் தொந்தி ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாகக் கிடந்து, 'அக்கா, இங்க ரெண்டு திருகாணி இருக்குது' என்றான். ஒன்றைக் கொஞ்சம் தளர்த்து என்றேன். சொட்டு விழுந்தது. விரலில் தொட்டு வெயிலில் பார்த்தேன். அரக்கு. கொஞ்சம் ஆறின அரக்கு, ஆனாலும் அரக்குதான். 'இது நல்லாத்தான் இருக்குதுடா, மூடு' என்றேன். இன்னொன்றைத் திறந்தான். கொடகொடவென்று தாரைப்போலக் கறுப்பு. மனசு குளிர்ந்துபோயிற்று மாப்பிள்ளை. 'பாத்தியாடா, சாயம் முறிஞ்சு எப்படிக் கெட்டுப்போயிருக்குது! இதை வெச்சுக்கினுதான் எங்க மாப்பிள்ள பாவம் ஓட்டிக்கினு இருந்திருக்கறாரு' என்று சொல்லி முழுக்க இறக்கவிட்டேன். கெட்டுப்போனதென்று நான் மூடச் சொல்லாமல் விட்டது என்ஜின் எண்ணெய். என்ஜின் எண்ணெய் கறுப்பாகத்தான் இருக்குமாம். நல்லதென்று நான் மூடச் சொன்னதுதான் மாற்றவேண்டிய கியர் எண்ணெயாம். அப்புறம் அந்த மாதுளைச் சிவப்பை, ஏற்கெனவே நிறைந்திருந்த கியருக்குள், டப்பா காலியாகும்வரை நானே என் கையால் ஊற்றினேன். ஒரு சொட்டு தரையில் விழவில்லை. அதை நினைத்து அப்போது பெருமைகூடப் பட்டேன்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட என்னை நான் மன்னித்துக்கொள்வேன். வண்டியைக் கிளப்பிப் பார்க்கலாமென்று கைலாசம் ஏறி உட்கார்ந்தான். கிளட்ச் இல்லாத வண்டிதானே, எனக்கென்ன பயம் என்றான். கிளப்பினான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு படம் எரிந்தது. நான் எட்டிப் பார்த்தேன். மூக்கும் கைப்பிடியுமாக, மூக்கு நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் தொங்க, அசல் காமாட்சி விளக்கு. இதை எழுதும்போதே முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. 'அணைக்கலாமாக்கா?' என்றான் கைலாசம். 'அடப்பாவி, அம்மனே வெளக்கேத்திக் காட்டறா, அணைக்கறேன்றியே! ஓடட்டும்' என்று சொல்லி உள்ளே ஓடிக் கற்பூரத் தட்டை எடுத்து வந்து, வண்டி முகப்புக்குச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் காலுக்காக வேண்டிக்கொண்டேன். என்ஜினில் எண்ணெய் இல்லை, என்னை நிறுத்து என்று வண்டி கத்துகிற அடையாளமாம் அது. நிறுத்தி வைத்த வீடியோவின் மீதியிலேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள். வண்டிக்குள் தடதடவென்று சத்தம் வந்தது. எங்கள் இருவர் காதுக்கும் அது தறிச் சத்தம்போல இதமாக இருந்தது. பிறகு ஒரு முனகல். நின்றுவிட்டது. கியரிலிருந்து என் மாதுளைச் சிவப்பு வழிந்து வாசல் கோலத்தின்மேல் ஓடியது. கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் அகிலா வந்து பார்த்துவிட்டுப் போன் போட, கோதண்டபாணி வந்தான். அடியில் படுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தெருமுனைக்குப் போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்து, வண்டியை இன்னொரு வண்டியில் கட்டித் தன் பட்டறைக்கு இழுத்துப் போனான். 'யம்மா, நீ எதையாவது தொட்டியா?' என்று அகிலா கேட்டாள். 'எனக்கு எதுக்குமா அந்த வம்பு' என்றேன். பெற்ற பெண்ணிடம் பொய்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் பேசினீர்கள். போன் இரைச்சலாக இருக்கிறதென்று அகிலா ஸ்பீக்கரில் வைத்து வாசலுக்கு வந்தாள். 'எல்லாம் அந்தக் கோதண்டபாணி பண்ண வேலை, கையில தொழில் இல்லாதவன்' என்று நீங்கள் போட்ட சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை. வாய் திறக்கவில்லை. அன்றைக்கே எதிர்வீட்டு வேன்காரர் தன் வேனை அவன் பட்டறையிலிருந்து திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். நேற்று ஆட்டோக்காரர் ஒருவர் என்னிடமே, 'என்னாம்மா, அந்தாளு வண்டிய நாசம் பண்ணிட்டானாமே?' என்று கேட்கிறார். நான், 'எனக்கு இன்னாப்பா தெரியும், நான் அஞ்சாவது படிச்சவ' என்றேன். படிப்பு குறைவென்று என் வாயால் நான் சொன்னது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

இப்படியே போனால் தெருவில் ஒருத்தரும் அவனிடம் வண்டி விடமாட்டார்கள். உங்கள் இடது கால் இருக்கிற நிலைமையில், கிளட்ச் மிதிக்க வேண்டாத அந்த வண்டிதான் உங்கள் பிழைப்பு என்றால், கோதண்டபாணிக்கு அவன் பேர்தான் பிழைப்பு. ஆகையால் அவனுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிடுங்கள். என்னைப் பற்றி என்ன சொல்வீர்களோ அதைக் குறைக்காமல் சொல்லுங்கள். அகிலாவிடம் மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

வேளைக்கு மருந்து சாப்பிடுங்கள். ராத்திரி மோர் வேண்டாம். காலை ஊன்றி நடந்து, பேரும் தொழிலும் குறையாமல், பிள்ளைகள் வளர்வதைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டு நிறைய காலம் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து எழுதும்
அத்தை,
க. தையல்நாயகி

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவும் நேரத்தில் கோதண்டபாணி வாசலில் வந்து நின்றான். வண்டி சரியாகிவிட்டதாம், நாளைக்கு வந்துவிடுமாம். கடிதத்துக்குக் காத்திருக்க மனசில்லாமல் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அவன் சிரிக்கிறான். 'பெரிம்மா, என்ஜின்ல சொட்டு எண்ணெய் இல்ல, கியர் தொண்டை வரைக்கும் நிக்குது, சக்கரத்துகிட்ட கற்பூரம் எரிஞ்ச தட்டு. எனக்குத் தெரியாதா? அன்னிக்கே சிவராஜுக்குப் போன்ல சொன்னேன். அவன்தான், எங்க அத்தை தல குனியக் கூடாது, பழிய நீ வாங்கிக்கோ, நான் சத்தமாத் திட்டறேன்னான். ஸ்பீக்கரப் போட்டுத் தெருவக் கூட்டுவீங்கன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது' என்கிறான்.

மாப்பிள்ளை, மேலே எழுதியதில் அவனுக்குப் போன் போடச் சொன்னதை விட்டுவிடுங்கள். நீங்கள் இரண்டு பேரும் போனில் குசுகுசுவென்று பேசிக்கொள்வதால் தெருவுக்கு என்ன தெரியப்போகிறது? இந்தக் கடிதம் வந்ததாகவே காட்டிக்கொள்ளாதீர்கள். வியாழக்கிழமை வந்து இறங்கினதும் கோதண்டபாணியை நம் வாசலுக்குக் கூப்பிட்டு இன்னொரு தரம் நன்றாகத் திட்டுங்கள். அவனிடம் சொல்லிவிட்டேன், சரி என்கிறான். எதிர்வீட்டு வேன்காரர் சாப்பாட்டுக்கு வருகிற நேரமாகப் பார்த்துத் திட்டுங்கள், அந்த ஆட்டோக்காரரும் இருந்தால் நல்லது. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, உங்கள் எதிரே நின்று, 'நிறுத்துங்க, அவனச் சொல்லாதீங்க, என்னைச் சொல்லுங்க மாப்பிள்ள' என்று ஆரம்பிக்கிறேன். நடுவில் குறுக்கே பேசாதீர்கள். எனக்கு மறந்துபோகும்.