ஐந்து கிணறுகளுக்கும் முதலிடம்

இந்தத் தீவுகள் முழுக்க வலைவீசித் தேடினாலும், யாருக்கும் "ஏலாது" என்று சொல்லத் தெரியாத மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். புளியங்கூடலில் வயரிங் வேலை செய்பவர்; பட்டப்பெயர் மரியாதை அண்ணை. ஊரே அவரை நல்லவர் என்கிறது. எனக்கோ இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வெயில் காலத்தில் கிணறுகளில் உப்பு ஏறத் தொடங்கியது. உப்பு அதிகம் ஏறிய கிணற்றில் இறைக்கும் தோட்டத்து மோட்டரை நிறுத்தியாக வேண்டும்; அது எது என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். பிந்தினால் குடிதண்ணீரும் போய்விடும். ஐந்து கிணறுகளில் உப்பு அளக்கும் சென்சர்களை இறக்கி, ஒரே கேபிளில் கோத்து, வாசிகசாலையில் இருக்கும் பதிவுப் பெட்டியில் இணைப்பது என் பொறுப்பு. பெட்டி ஒவ்வொரு இலக்கமாகக் கூப்பிடும். அந்த இலக்கமுள்ள சென்சர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை எழுதிக் கொடுத்து, எந்தக் கிணற்றுச் சென்சருக்கு எது என்று இலக்கம் போடும் வேலையை அண்ணையிடம் விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புதன்கிழமை பெட்டியைத் திறந்தால், ஒன்றுக்கு வந்த பதில் வெறும் குப்பை. இரண்டு முதல் ஐந்து வரை மூச்சே இல்லை. கொதிக்கிற வெயிலில் கிணறு கிணறாக அலைந்து பார்த்தேன். ஐந்துக்கும் ஒன்று என்றே போட்டு வைத்திருந்தார் அந்தப் புண்ணியவான். ஐந்தும் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் பெட்டிக்கு என்ன விளங்கும்? அண்ணையைப் பிடித்துக் கேட்டேன்.

"பள்ளிக்கூட மாஸ்டர் தன்ரை கிணறுதான் முதல் எண்டார், தம்பி. பக்கத்துக் காணி அக்கா தங்கடை அதைவிடப் பழசு எண்டா. நான் ஆரைப் பின்னுக்குத் தள்ளுறது? நீரே சொல்லும்."

இதென்ன கோயிலில் முதல் மரியாதைக் காளாஞ்சி வாங்குகிற வரிசையா என்று கத்தினேன். அவர் சைக்கிளை எடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது, பொழுதுபடுவதற்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். ஐந்தாம் இலக்கத்தைத் தன் சொந்தக் கிணற்றுக்குப் போட்டிருந்தார்.

வியாழன் காலை அளவுகள் சுத்தமாக வந்தன. உப்பு அதிகம் ஐந்தில்தான். அவருடைய வெங்காயத்தைக் கிண்டி எடுக்க இன்னும் ஒரு மாதம் கிடந்தது. கூட்டத்தில் நான் அளவுகளை வாசித்ததும் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். அண்ணை எழும்பினார்.

"நீங்கள் ஒருத்தரும் சங்கடப்படாதேங்கோ. மோட்டரைக் கழட்டி வைச்சிட்டுத்தான் வந்தனான்."

இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா? அந்த மாதம் முழுக்கப் பின்னேரங்களில் நானும் அவரும் மாஸ்டர் வீட்டுக் கிணற்றில் அள்ளி, அந்த வெங்காயத்துக்கு ஊற்றினோம். திட்டிக்கொண்டேதான் வாளி தூக்கினேன். அவரைத் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.