நீல நாக்கு நீட்டிய ரிவால்வர்

பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு, மான்டானா

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி வெண்டெல் ப்ராக்டர் அவர்களுக்கு, ஆர்வின் ஹாஸ்கெல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்களும், சம்பந்தி அம்மாவும், போன தடவை என் தொப்பியைக் கடித்துக் குதறிய உங்கள் நாயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் ஊர் மர ஆலையில் என் மகன் நோலனுக்கு வேலை பார்த்து வைத்திருப்பதாகவும், பனி விழுமுன் அவனையும் உங்கள் மகள் மார்லாவையும் அங்கே அழைத்துக்கொள்ள எனக்கு மறுப்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். "நீங்க சரின்னா போறோம், வேணாம்னா இருக்கோம்" என்று பிள்ளைகளும் முடிவை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு எந்த மறுப்பும் இல்லை. தாராளமாக அழைத்துப் போங்கள். அதற்கு முன், உங்கள் மகளால் நான் பட்ட பாட்டை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் .45 அளவு ரிவால்வருக்கு நான் கடையில் தோட்டா வாங்கியதே இல்லை. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, குண்டின் பள்ளத்தில் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்த என் சொந்தக் களிம்பைப் பூசி, வெடிமருந்து போட்ட பித்தளைக் கூட்டின் மேல் வைத்து அழுத்துவேன். யாரும் சொல்லித் தரவில்லை; கெடுத்துக் கெடுத்து நானே கற்றது. என் களிம்பு புகையும், ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு இலக்கு கண்ணில் படக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குழலில் ஒட்டிய ஈயத்தைச் சாயங்காலம் முழுக்கத் தேய்க்க வேண்டும். மனைவியை இழந்தவனுக்குச் சாயங்காலத்தில் வேறு என்ன வேலை?

இப்படி ஒழுங்காக இருந்த என் தோட்டாக் கொட்டகைக்குள் உங்கள் மகள் வந்தாள். குண்டுகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டாள், இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட் பொடியைத் தூவினாள், மூடிக் குலுக்கினாள். பிறகு இதற்கென்றே வாங்கிய ஒரு பழைய ரொட்டி அடுப்பில் வைத்துச் சுட்டெடுத்தாள். அதன் மேல் 'இதில் யாரும் சாப்பாடு சூடு பண்ணக்கூடாது, மாமா உள்பட' என்று ஒட்டியும் வைத்தாள்.

"என்னம்மா இது, ஈஸ்டருக்குப் பிள்ளைங்க தேடுற சாய முட்டையா?" என்றேன்.

"ஆமா மாமா. ஒளிச்சு வெக்கட்டுமா, தேடுறீங்களா?"

மாமனாரிடம் பேசுகிற பேச்சைப் பாருங்கள்! சுத்தியலை எடுத்து ஒரு குண்டை இரும்புக் கட்டையில் வைத்து அடித்தேன். மேல்பூச்சு உரிந்தால் அன்றோடு கதை முடிந்தது. ஈயம் தட்டையாகிப் பொத்தான் மாதிரி ஆனது. பூச்சு ஒரு செதில்கூட உரியவில்லை. இன்னொன்றை அடித்தேன். "எல்லாத்தையும் நசுக்கிட்டா சுடறதுக்கு என்ன மாமா இருக்கும்?" என்றாள்.

நிறத்திலும் ஒரு சட்டம் வைத்தாள். நோலனின் பழைய ரிவால்வருக்கான மெதுவான தோட்டா மஞ்சள். என் பெரிய ரிவால்வருக்கான முரட்டுத் தோட்டா வானநீலம். இரண்டும் ஒரே அளவு. நீலம் மாறி அந்தப் பழையதில் போனால் அது பிளந்துவிடும். "கண்ணாடி போடாமலே தெரியணும்ல மாமா" என்றாள். என் கண்ணைப் பற்றி அவளிடம் யார் கேட்டது? இத்தனை வருடத்தில் எனக்கு ஏன் தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.

அவள் சுட்டால் புகை இல்லை. இலக்காக நிறுத்திய இரும்புத் தகட்டு ஆடுகள் வரிசையாக விழும். குழலுக்குள் ஒரே தடவை துணியை இழுப்பாள், போன மாதிரியே வெளுப்பாக வெளியே வரும். எனக்கு வயிறு எரிந்தது. பெயிண்ட் அடித்த குண்டைச் சுட்டால் மீசையை எடுத்துவிடுவேன் என்று சுடும் சங்கத்தில் எல்லோர் முன்பும் சவால் விட்டவன் நான். ஆகவே யாரும் இல்லாத நேரம் அவள் டப்பாவிலிருந்து ஒரு கை நீலக் குண்டுகளை எடுத்து, என் மேசையில், என் வழியில் தோட்டா செய்தேன். என் வழியில் கூட்டின் வாயைக் குண்டின் மேல் லேசாகத்தான் இறுக்குவேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. முதல் வெடி, ஆடு விழுந்தது. இரண்டாவது, அதுவும் விழுந்தது. புகையே இல்லை! சம்பந்தி, இந்த வயதில் முதல் முறையாக, நான் சுட்ட ஆடு விழுவதை நானே பார்த்தேன். மூன்றாவதற்குத் தோட்டாக்கள் இருக்கும் உருளை சுற்றவில்லை. துப்பாக்கி உதைத்த உதையில் அடுத்த குண்டு, அந்த வழவழப்பான சனியன், கூட்டிலிருந்து நழுவி, உருளைக்கு வெளியே மூக்கை நீட்டி மாட்டிக்கொண்டு நின்றது. துப்பாக்கியை, குண்டைத் தடுக்கும் மண்மேட்டுப் பக்கமே காட்டியபடி கையைத் தூக்கினேன். மேற்பார்வைக்கு நின்ற ஹூபர்ட் வந்து பார்த்தான்.

"ஏ ஆர்வின், உன் துப்பாக்கி நீல நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுதே! ஏய், யார்கிட்டயாவது கத்திரி இருக்கா? மீசை ஒண்ணு வெட்டணும்!"

சங்கமே சிரித்தது. அப்போது உங்கள் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "மாமா மேல தப்பில்ல. நான் செஞ்ச தோட்டா. பெட்டி மாறிப் போச்சு. வாயை இறுக்காம விட்டதும் நான்தான்" என்றாள். இதுவரை ஒரு தோட்டாகூடச் சொதப்பாதவள்! "பொம்பளை வேலை இப்படித்தான்" என்று ஹூபர்ட் சொன்னதையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

திரும்பும் வழியில், "யாரைக் கேட்டும்மா என் தப்பை நீ எடுத்துக்கிட்டே?" என்று கத்தினேன்.

"மீசை இல்லாம உங்களைக் காலையில பாக்கணுமே, பயந்துட்டேன் மாமா" என்றாள்.

என் வீட்டில், என் பிழையை, என்னிடம் கேட்காமல் எடுத்துப் போகிறவளை எத்தனை நாள் பொறுப்பது? ஆகவே மறுபடியும் சொல்கிறேன், எனக்கு மறுப்பு இல்லை. உங்கள் வீட்டில் எல்லா நலமும் தங்கட்டும். உங்கள் தோட்டத்து ஆப்பிள் நன்றாகக் காய்க்கட்டும். நாய்க்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஆர்வின் ஹாஸ்கெல்

பி.கு.: நேற்றுச் சங்கக் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். மீசை போயிற்று. பிறகு மார்லாவின் தோட்டா அழுத்தும் பிரஸ்ஸை என் மேசைக்கு மாற்றினேன். ஆடக்கூடாதே என்று மேசையோடு சேர்த்துச் சுவர்க்கட்டைக்குள் பெரிய போல்ட்டுகளை ஏற்றி, மறுபக்கம் வெல்டிங் வைத்துவிட்டேன். பிரஸ் இல்லாமல் அவள் எங்கேயும் வரமாட்டாள். அந்தச் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. அழைத்துப் போக வரும்போது பிரஸ், மேசை, சுவர், கூரை எல்லாம் ஏற்றுகிற மாதிரி லாரி கொண்டுவாருங்கள். கூரைக்குக் கீழே நான் நின்றுகொண்டிருப்பேன்.