கொழும்புக்கு முக்கால் மணி நேரம்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். கொழும்புக்கு ஒரு டிக்கெட் எடுக்கணும்.

மறுநாள் காலைல பத்து மணிக்கு அங்க என் தங்கச்சி பையனுக்கு ஞானஸ்நானம். குழந்தைக்குப் பொறுப்பா பக்கத்துல நிக்கிற ஞானத்தகப்பன் நான்! அவ மாமியார் வீட்டுல மாப்பிள்ளையோட தம்பியத்தான் நிறுத்தணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. தங்கச்சி சண்டை போட்டு எனக்கு வாங்கிக் கொடுத்த இடம் அது.

பாஸ்போர்ட் இருக்கு. விசா வந்துட்டு. புதுச் சட்டை தேய்ச்சு வச்சாச்சு. டிக்கெட்தான் பாக்கி.

அதப் போயி கடைசி நாளுக்கா வைப்பாங்கன்னு கேப்பீங்க. நான் தூத்துக்குடி துறைமுகத்துல ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல இருக்கேன். கொழும்புக்கு தினமும் கன்டெய்னர் அனுப்புறதுதான் என் வேலை. எனக்கு கொழும்புன்னா அடுத்த தெரு!

போதாக்குறைக்கு ஒரு வாரம் முன்னாடியே போன்ல வேற தேடினேன். தூத்துக்குடி விமான நிலையத்துல இருந்து கொழும்பு விமான நிலையம் இருநூத்தி அறுபத்தஞ்சு கிலோமீட்டர். பறக்குற நேரம் முக்கால் மணி.

உடனே தங்கச்சிக்கு போனப் போட்டேன். "ஏளா, காலைல இங்கன ஆப்பம் தின்னுட்டுக் கிளம்புனா, பூசைக்கு முன்ன அங்கன நிப்பேன்."

"ரெண்டு நாள் முன்னாடியே வந்துருங்கண்ணே."

"முக்கால் மணி நேரத்துக்கு எதுக்குளா ரெண்டு நாளு?"

என் வீட்டுக்காரி பிலோமி, "ஃப்ளைட்டு இருக்கான்னு பாத்தீயளா?"னு கேட்டா.

"கொழும்புக்கு எனக்கே வழி சொல்லுதியா?"னு ஒரு அதட்டு அதட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம் டிராவல்ஸ் அண்ணாச்சி கிட்ட போய் நின்னேன்.

"கொழும்புக்கா? இங்கன இருந்து ஏது தம்பி ஃப்ளைட்டு?"

போன்ல தேடினத எடுத்து நீட்டினேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திப் பாத்தாரு. "இவன் ரெண்டு ஊருக்கும் நடுவுல நூல் புடிச்சு அளந்து வச்சிருக்கான். மதுரைக்கும் மாஸ்கோவுக்கும் கேட்டாலும் சொல்லுவான். ஏறுறதுக்கு ப்ளேன் வேண்டாமா?"

மதுரையில இருந்து போறதுல சீட்டு இல்ல. சாயங்காலம் சென்னைக்குப் போயி, விடிய விடிய காத்துக் கிடந்து, காலைல கொழும்பு ஃப்ளைட்ட பிடிக்கணுமாம்.

"கொழும்பு தெக்க இருக்கு அண்ணாச்சி!"

"ஆமா. நீங்க வடக்கதான் போகணும்."

போனேன்! காசு குடுத்து, பெல்ட்டு போட்டு, கொழும்ப விட்டுத் தள்ளித் தள்ளிப் போனேன்.

கடைசில கொழும்புல இறங்கி, வரிசையில நின்னு, ஆட்டோ பிடிச்சு கோயிலுக்கு ஓடினா மணி பன்னெண்டரை. வாசல்ல எல்லாரும் கேக் தின்னுட்டு நிக்காங்க. குழந்தைய வச்சிருந்தது எங்க பெரியப்பா மவன் ஜெரோம். கப்பல்ல வேலை பாக்கான்.

"ஏலே, நீ எப்படிலே இங்கன?"

"எங்க கப்பலு நேத்தே வந்துட்டுண்ணே. பத்தரை வரைக்கும் பாத்தோம், உங்களக் காணல. மாப்பிள்ளையோட தம்பியவே நிறுத்துதோம்னு சம்பந்தக்காரங்க எந்திச்சிட்டாங்க. தங்கச்சிதான் என் கையப் பிடிச்சு முன்னால தள்ளிட்டா. அது கெடக்கட்டும், கப்பல் பூரா நீங்க ஏத்தி விட்ட கன்டெய்னர் பெட்டிதான்."

கோயில் சாமியாரோட ஞானஸ்நானப் புத்தகத்துல ஞானத்தகப்பன்னு அவன் பேரு ஏறியாச்சு. நிஜமா சொல்லுதேன், எனக்கு அழுகை வந்துட்டு.

தங்கச்சி ஒரு துண்டு கேக்க கையில வச்சுட்டுச் சொன்னா, "விடுங்கண்ணே. தாய்மாமன் பதவி உங்களுக்குத்தான். அதுக்கு நேரத்துக்கு வரணும்னு கட்டாயம் இல்ல."