நெத்திலியும் ஃபுல் ஃப்ரேமும்

நூற்றெட்டு என்ற எண்ணைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெருவில் 108 ஆம்புலன்ஸ் போனால்கூட முறைக்கிறேன். அதில் படுத்திருக்கிறவர் என்ன பாவம் செய்தார் என்று கேட்பீர்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. செய்தவன் என் மச்சினன் ஆன்டனி ராஜ்.

என் பெயர் சகாயவினோத். பாம்பன் பாலம் தாண்டி இருக்கிற எங்கள் ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பதினோரு வருஷமாகக் கோயில் திருவிழாவின் சப்பர பவனியைப் படம் எடுப்பது நான்தான். அதில் ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கோயில் வாசலில் வருஷம் முழுக்க வைப்பார்கள். கீழே மூலையில் என் பெயர் இருக்கும். ஊரில் என் பெயர் எழுதியிருக்கிற ஒரே இடம் அதுதான். வீட்டு கரண்டு பில்கூட இன்னும் மாமனார் பெயரில்தான் வருகிறது.

சப்பரம் தூக்க வீட்டுக்கு ஒரு தோள் கொடுக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. எனக்குக் கழுத்தில் கேமரா இருப்பதால், எங்கள் வீட்டு முறையையும் ஆன்டனி ராஜே தூக்கிவிடுவான். நல்ல பையன் என்று நினைத்திருந்தேன்.

அந்த நல்ல பையன் இந்த வருஷம் திருவிழாக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, புதுப் போன் வாங்கியிருக்கிறேன், நூற்றெட்டு மெகாபிக்சல், பவனியை நானே எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். மச்சான் கேமராவில் வெறும் இருபத்துநாலுதான் என்றும் போட்டுக்கொடுத்திருக்கிறான். கமிட்டித் தலைவர் சவேரியார் உடனே தலையை ஆட்டிவிட்டார். அவர் ஆட்டியது தலை இல்லை, என் பதினோரு வருஷப் பிழைப்பு.

வீட்டுக்கு வந்து கத்தினேன். என் மனைவி ஜோஸ்லின் நெத்திலி கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"நூத்தெட்டு பெருசா, இருபத்துநாலு பெருசா?"

"நூத்தெட்டு."

"அப்பறம் எதுக்குக் கத்துறீக?"

அந்த நிமிஷமே சபதம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி மறுபடி கூடுவதற்குள் இவளுக்கு சென்சார் அளவு என்றால் என்ன என்று புரியவைக்காமல் விடுவதில்லை. இவளுக்கு எதற்கு என்கிறீர்களா? சவேரியார் இவளுடைய சித்தப்பா. இவள் சொன்னால் கமிட்டி கேட்கும். நான் சொன்னால் கமிட்டி டீ குடிக்கும்.

முதல் நாள் லென்ஸைக் கழற்றி உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சாரைக் காட்டினேன். இது தபால்தலை அளவு, ஃபுல் ஃப்ரேம் என்று பெயர், உன் தம்பி போனில் இருப்பது சுண்டுவிரல் நகம் அளவு என்றேன். மூக்குத்திகூடச் சின்னதுதான், அதற்காக அதைக் கழற்றிவிட்டு வளையலையா மாட்டிக்கொள்வது என்றாள். அன்று இரவுச் சாப்பாட்டை நான் கோபமாகச் சாப்பிட்டேன். வழக்கத்தைவிட இரண்டு தோசை அதிகம்.

மறுநாள் காலை அவளுடைய நெத்திலியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெரிய பாயில் இருபத்துநாலு மீனை இடம் விட்டுப் பரப்பினேன். ஒரு சாஸரில் நூற்றெட்டு மீனை எண்ணி எண்ணித் திணித்தேன். நடுவில் ஒரு காக்கை வந்து ஏழை எடுத்துக்கொண்டு போனதால் மறுபடியும் எண்ண வேண்டியதாயிற்று. பிறகு அவளை மேலே கூப்பிட்டேன்.

"பாயும் சாஸரும்தான் சென்சார். மீனுதான் மெகாபிக்சல். வெயிலுதான் வெளிச்சம். எந்த மீனு மேல நல்லா வெயில் விழுகும்?"

"நெருக்கிப் போட்டா நாறிப்போகும்னு எனக்குத் தெரியாதா? இதச் சொல்லவா ரெண்டு நாளாக் கத்துனீக?"

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவள் சாஸரை எடுத்துப் பாயில் கவிழ்த்துப் பரப்பிக்கொண்டே கேட்டாள்.

"பவனி பொழுது சாஞ்சுதான கிளம்புது? வெயிலு கம்மியானா இந்தச் சாஸர் பாடு இன்னும் மோசம், அப்படித்தான?"

"அதேதான்."

"எந் தம்பி, ஏங்கிட்ட கைப்பக்குவம் இருக்கு, போனே போதும்ங்கிறான்."

அவன் பெயரைக் கேட்டதும் எனக்குத் தலைக்கேறியது. "கைப்பக்குவமாவது, வெங்காயமாவது. எல்லாம் சென்சார் செய்யிற வேலை. ஏங் கேமராவ யாரு கையில குடுத்தாலும் படம் கண்ணாடி மாதிரி விழுகும்."

"யாரு கையில குடுத்தாலுமா?"

"ஆட்டுக்குட்டி அமுக்குனாலும் விழுகும்."

அவள் கடைசி நெத்திலியையும் திருப்பிப் போட்டுவிட்டுக் கீழே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கமிட்டி கூடியது. ஜோஸ்லின் பேசினாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். பாய், சாஸர், பொழுது சாய்வது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நான் பதினோரு வருஷமாகச் சொல்லத் தெரியாமல் இருந்ததைப் பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். போன் வேண்டாம், கேமராதான் என்று சவேரியார் தீர்ப்புச் சொன்னார். ஆன்டனி ராஜ் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். தோற்றவன் ஏன் சிரிக்கிறான் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பவனி அன்று சாயங்காலம் பேட்டரியை சார்ஜரிலிருந்து எடுக்கப் போனேன். பேட்டரி இல்லை. கேமராவும் இல்லை. வாசலில் ஜோஸ்லின் நின்றாள். கேமரா அவள் கழுத்தில் தொங்கியது. என் கையில் ஒரு துண்டை மடித்துக் கொடுத்தாள்.

"இது எதுக்கு?"

"தோளுக்கு. சப்பரத் தண்டு அறுக்கும்."

என்னைத்தானே கமிட்டி முடிவு செய்தது என்று கத்தினேன்.

"கமிட்டி கேமராவத்தான் முடிவு பண்ணுச்சு. ஆள முடிவு பண்ணல. யாரு எடுத்தா என்னன்னு நீங்கதான சொன்னீக? பதினோரு வருசமா ரெண்டு வீட்டுக்கும் தூக்கித் தூக்கி எந் தம்பி தோளு காய்ச்சுப் போச்சு. அதுல இருந்து தப்பிக்கத்தான் அவன் போனத் தூக்குனான். நம்ம வீட்டுத் தோள நாம குடுத்துருவோம்னு சொன்னேன், போன உள்ள வச்சுட்டான்."

எனக்கு வந்த கோபத்துக்குச் சப்பரத்தைத் தனியாகவே தூக்கியிருக்கலாம். தூக்கிப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் போனது. முதல் தெரு தாண்டுவதற்குள் துண்டை மூன்று தடவை தோள் மாற்றிப் போட்டேன். முன்னால் ஜோஸ்லின் பின்பக்கமாக நடந்துகொண்டே, "கொஞ்சம் மூஞ்சியக் காட்டுங்க" என்று அமுக்கிக்கொண்டே வந்தாள்.

இப்போது கோயில் வாசலில் அந்தப் படம்தான் இருக்கிறது. சுற்றிலும் விளக்குகள் மங்கலாகக் கரைந்து நிற்க, நடுவில் வாயைப் பிளந்துகொண்டு என் முகம் மட்டும் வியர்வைத் துளியை எண்ணுகிற மாதிரித் தெளிவாகத் தெரிகிறது. மூலையில் ஜோஸ்லின் என்று போட்டிருக்கிறார்கள். குறை கண்டுபிடிக்க நான் தினமும் போய் நின்று பார்க்கிறேன். பதினோரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட இவ்வளவு நல்ல படம் எடுத்ததில்லை.