ஓய்வுபெற்ற மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுப் பயிற்சி முகாமும்

டாலியன், பனிக்காலம்.

மதிப்பிற்குரிய சம்பந்தி லுவான் அவர்களுக்கு, கோங் தேஷெங் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் வீட்டுக்காரியும் மகள் ஹாய்யனும் நலம். யந்தாயில் தாங்களும் சம்பந்தியம்மாவும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் மகன், எங்கள் மாப்பிள்ளை லுவான் ஜிஃபெங், தேசிய கால்பந்து அணியிலிருந்தும் கிளப்பிலிருந்தும் ஓய்வுபெற்று ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிட்டார். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்று எங்களுக்குக் கொடுத்ததற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவர் நாட்டுக்காக ஆடிய காலத்தில் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாண விருந்துக்கு முதல் நாள் முகாமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முகாமுக்குள் போனால் வெளியே விடமாட்டார்கள், போனைக்கூடப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். மேசை மேசையாகப் போய் மாப்பிள்ளை குடிக்க வேண்டிய மதுவையெல்லாம் நான்தான் குடித்தேன். கடைசி மேசைக்காரர்கள் என்னையே மாப்பிள்ளை என்று நினைத்து, சீக்கிரம் பிள்ளை பிறக்க வேண்டும் என்று வாழ்த்தினார்களாம். பிறகு உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் நம் வலைக்குள்ளேயே பந்தை அடித்தாரே, அதற்கு மறுநாள் நான் பொதுக் குளியல்கூடத்துக்குப் போனேன். அழுக்கு தேய்க்கிற ஆள் என்னைக் குப்புறப் போட்டு, "அந்த லுவான் மட்டும் கையில கெடைச்சான்னா தோலை உரிச்சிருவேன் பெரியவரே" என்று சொல்லிக்கொண்டே என் தோலை உரித்தான். "அவர் என் மாப்பிள்ளைப்பா" என்றேன். "அப்ப எந்திரிங்க" என்று பாதி முதுகோடு விட்டுவிட்டான்.

ஆனால் ஊரே திட்டியும் மாப்பிள்ளை ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அடுத்த ஆட்டத்தில் நெற்றியில் தையலோடு ஆடினார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் அழுதேன், சம்பந்தி. ஹாய்யன் மட்டும் எப்போதும் ஒன்றைத்தான் சொல்வாள்: "அவர் ஜெயிக்கட்டும் தோக்கட்டும்ப்பா. எனக்கு அவர்கூட ஒரே வீட்ல இருக்கணும், அவ்ளோதான்." அது இப்போதுதான் நிறைவேறியிருக்கிறது.

வந்த வாரமே வீடு ஒழுங்குக்கு வந்துவிட்டது. விடியும் முன்னே விசில் ஊதுகிறார். நான் கடற்கரைப் பனியில் ஓடுகிறேன். எல்லோரும் உட்கார்ந்து கொழுக்கட்டை பிடித்தால் என் வீட்டுக்காரியிடம், "அத்தை, தடுப்பு வரிசையை விட்டு முன்னால வராதீங்க, பின்னால எடம் காலியாயிடுது" என்கிறார். என் மது அலமாரிக்குப் பூட்டு விழுந்துவிட்டது. சாப்பாடு முடிந்ததும் எல்லோர் போனையும் ஒரு பையில் வாங்கி வைத்துக்கொள்கிறார். "நான் உங்க பொண்டாட்டிங்க, தடுப்பாட்டக்காரி இல்ல" என்றாள் ஹாய்யன். "அதான் உன்னைக் கேப்டனா போட்டிருக்கேனே" என்றார் அவர். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓடுவேன். டாக்டரும் என் இரத்த அழுத்தம் குறைந்திருப்பதாகச் சொன்னார். நிஜமாகவே நன்றி.

புத்தாண்டு வசந்த விழாவுக்கு இருவரும் அவசியம் கப்பலேறி வாருங்கள். விருந்துக்குக் கடல் அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். விழா இரவில் நம் பிள்ளைகள் இருவரும் ஒரே மேசையில் உட்காரப்போவது இதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை இனி எங்கும் போகமாட்டார். தங்கள் குடும்பம் நீண்ட ஆயுளோடும் நிறைந்த வயிற்றோடும் இருக்க எங்கள் எல்லோருடைய ஆசியும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
கோங் தேஷெங்

பி.கு.: தயவுசெய்து டாலியனுக்கு வர வேண்டாம். கடிதத்தை உறையில் போடுவதற்குள் தெற்கே குன்மிங்கிலிருந்து போன் வந்தது. இளைஞர் அணிக்குப் பயிற்சியாளர் வேண்டுமாம், விழா நாளிலும் முகாம் உண்டாம். மாப்பிள்ளை அந்த நிமிடமே முடியாது என்று சொல்லிவிட்டு, சமையலறையில் போய்ப் பூண்டு உரிக்க உட்கார்ந்தார். ஒரு பல்லையே வெகுநேரம் உரித்துக்கொண்டிருந்தார். ஹாய்யன் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் ஏறிப் பரண் மேலிருந்த அவர் பெட்டியை இறக்கினாள். "மறுபடியும் அவரைத் தனியா அனுப்பப் போறியாம்மா?" என்றேன்.

"யார் அனுப்பறா? முகாம் வாசல்ல ஒரு ரூம் கெடைக்காமலா போயிடும்? கொஞ்சம் தள்ளுங்கப்பா, என் பெட்டியையும் எறக்கணும்."