சுவருக்கு முதுகு கொடுத்து எழுதியது

அக்டோபர் 1961

மருமகன் சேக் பரீது அவர்களுக்கு, மாமனார் அப்துல் ஜப்பார் சலாம் சொல்லி, முதன்முதலாகத் தன் கையாலேயே எழுதுவது. எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். வரிகள் எல்லாம் வலது பக்கம் இறங்குகின்றன. எங்கள் தெருப்பக்கச் சுவரும் அப்படித்தான் இறங்குகிறது. இரண்டும் விழாமல் முடிந்தால் அல்லாஹ்வின் கருணை.

செம்பட்டிக்கே வந்து உங்களோடு இருக்கும்படி கூப்பிட்டிருந்தீர்கள். மனம் குளிர்ந்தது. ஆனால் வர மாட்டோம். பெண் கொடுத்த வீட்டில் போய்க் கட்டில் போட எனக்கு மனம் வரவில்லை. சொந்தம் என்று இருப்பது இந்த ஒரு வீடு. அதைச் சரிசெய்ய நகரசபைக் கடன் வரப்போகிறது. வராமல் போக இருந்தது. காரணம் என் பெருவிரல். மனுவில் கைநாட்டு வைத்தேன். குமாஸ்தா ஞானராஜ் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன பாய், ரேகையக் காணோம்? மை மட்டுந்தான் அப்பியிருக்கு."

"தோல் ஷாப்புல, தோல் ஊறப்போடுற சுண்ணாம்புத் தொட்டிக்குள்ளயே கிடந்த கைங்கய்யா. தொட்டி தின்னுருச்சு."

மற்ற விரல்களையும் உருட்டிப் பார்த்தார். ஒன்றிலும் ரேகை இல்லை. "கால் வெரலக் காட்டவாங்கய்யா?" என்றேன்.

"வேணாம் பாய், இந்த மேசையிலதான் சோறு திங்கிறோம். கையெழுத்துப் போடப் படிச்சிட்டு வாங்க."

முதியோர் பள்ளியில் சேர்ந்தேன். சிலேட்டு பள்ளியோடு சரி. வீட்டில் எழுதிப் பழக அந்த மண் சுவர்தான் இருந்தது. ஆணியால் கீறினேன். சுவரோரம் படுத்த படுக்கையாகக் கிடக்கும் உங்கள் மாமி அஜீஸுன்னிசாவின் தலையில் மண் உதிர்ந்தது.

"ஏங்க இப்புடிச் சொரண்டுறீக? கடன் வாரதுக்குள்ள சுவரு போயிரும் போல!"

"செத்த பொறு, 'ப்'புக்குப் புள்ளி வச்சுக்கிறேன்" என்றேன்.

முதலில் பேர் எழுத வந்தது, பிறகு மற்ற எழுத்துகளும் வந்தன. கையெழுத்துப் போட்டேன். ஓவர்சியர் வந்து பார்த்தார். "சுவரு சாஞ்சிருக்கு, கடன் உண்டு. திங்கக்கிழமை அளக்க வாரேன், அதுவரைக்கும் நிக்கணும். விழுந்துருச்சுன்னா அது ரிப்பேர் இல்ல பாய், புதுசாக் கட்டுறது. அதுக்குக் கடன் கிடையாது" என்று சொல்லிப் போனார்.

அன்று மாலையே மலைக்கோட்டைமேல் மேகம் கட்டி மழை பிடித்துக்கொண்டது. கட்டிலை அடுப்படிக்கு நகர்த்திவிட்டேன். கதவைக் கழற்றிச் சுவருக்கு முட்டுக் கொடுத்தேன். மீதி இடத்துக்கு நானே முதுகைக் கொடுத்து, மடியில் பலகை வைத்து இதை எழுதுகிறேன். தும்மல் வந்தால் அடக்கிக்கொள்கிறேன். ஆனாலும் மருமகனே, ஒவ்வோர் எழுத்தும் நான் நினைத்தபடியே வந்து உட்காரும்போது எனக்குச் சிரிப்பாக வருகிறது.

மகளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் துஆ. கடன் வந்து சரிசெய்த சுவரில் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு, இதைவிட நேராக எழுதுகிறேன்.

அப்துல் ஜப்பார்

பின்குறிப்பு: திங்கட்கிழமை நண்பகல் லுஹர் தொழுகைக்கு எழுந்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே சுவர் விழுந்தது. ஓவர்சியர் டேப்போடு வந்து மண்மேட்டைச் சுற்றிப் பார்த்தார். 'சுவர் இல்லாதபடியால் கடன் வேண்டாம்' என்று நான் சொல்வதுபோல் எழுதி நீட்டினார். யாரையும் கேட்காமல் நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். நானே கையெழுத்தும் போட்டேன். "முத்து முத்தா இருக்கு பாய்" என்றார்.

இதைத் தபாலில் போடவில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நாங்களே கொண்டு வருகிறோம். மாமியின் கட்டிலை இறக்கிப் போட்டதும் வாசித்துக் காட்டுகிறேன். 'வர மாட்டோம்' என்ற இடத்தில் மட்டும் சிரிக்காமல் இருக்கவும்.