ஆறிப்போன காபியும் எண்பத்தைந்து எம்.எம். லென்ஸும்

கூச்சம் பிடித்தவன் போட்டோகிராபர் ஆவது, தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவன் காவிரியில் பரிசல் ஓட்டப் போவது மாதிரி. நான் ஆனேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட, ஆறாம் வகுப்பில் புதுப் பையன்கள் பேர் கேட்பார்களே என்ற பயம் ஒரு காரணம். (வீட்டில் வசதியில்லை என்பது இன்னொரு காரணம். அதைச் சொன்னால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.)

எடமலைப்பட்டி புதூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தேன். பாஸ்போர்ட் போட்டோதான் பிழைப்பு. "நிமிருங்க", "சிரிக்காதீங்க", "ஆச்சுங்க". இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு நாளையே ஓட்டிவிடுவேன். அப்போதுதான் அந்த ஆசை வந்தது. முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும், பின்னால் உள்ளதெல்லாம் பஞ்சு மாதிரி கரைந்திருக்குமே, அப்படிப் படம் எடுக்க வேண்டும். அதற்கு ஜூம் ஆகாத லென்ஸ் வேண்டும், ப்ரைம் என்பார்கள் என்று கேள்விப்பட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் இரண்டு லென்ஸை எடுத்து வைத்தார்.

"இது அம்பது. ஆளுக்குப் பக்கத்துல நின்னு, பேசிச் சிரிக்க வெச்சு எடுக்கலாம். இது எண்பத்தஞ்சு. தள்ளி நின்னு எடுக்கணும். உங்க கேமரா சின்ன ரகம், அதுல இன்னும் தள்ளிப் போகணும். உங்களுக்கு எது தோது?"

பக்கத்தில் நின்று பேசிச் சிரிக்க வைப்பதா! எனக்கு அங்கேயே வேர்த்தது. எண்பத்தைந்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஜூம் ஆகாது சார். பெருசா வேணும்னா நீங்க முன்னாடி போகணும், முழுசா வேணும்னா பின்னாடி போகணும். சின்ன இடத்துல ரொம்பக் கஷ்டம்."

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, இருந்த ஒரே ஜூம் லென்ஸையும் அவரிடமே மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஸ்டுடியோவில் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் வாசலில் செருப்பு கிடக்கும் இடத்தில் நின்று பாஸ்போர்ட் போட்டோ எடுத்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அந்த வாரமே ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்ணைப் பார்க்க அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள். அதற்கு முன்னால் பார்த்த இடங்களிலெல்லாம் நான் தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்ததால், "பையன் வாய் பேசுவானா?" என்று கேட்டனுப்பியிருந்தார்கள். "இதுதான்டா கடைசி. இதையும் கெடுத்தீன்னா இனிமே நீயாச்சு, உன் ஸ்டுடியோவாச்சு" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். நான் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டால் என் முகம் யாருக்கும் தெரியாது, பாருங்கள்.

பெண் பெயர் கலைவாணி. மருந்துக்கடையில் வேலை. மஞ்சள் புடவை கட்டி வந்து, எல்லோருக்கும் காபி கொடுத்தாள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் என்று அக்கா காதில் ஓதினாள்: மாப்பிள்ளை காபியைக் குடித்தால் சம்மதம், குடிக்காமல் எழுந்தால் வேண்டாம். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. டம்ளரை எடுக்கக் கை நீட்டினேன்.

"தம்பி போட்டோகிராபராமே!" என்றார் அவளுடைய அப்பா. "உங்க கையால பொண்ணை ஒரு போட்டோ எடுங்களேன்."

நீட்டிய கை கேமராவுக்குப் போனது. டம்ளர் அப்படியே இருந்தது.

கூடத்தின் நடுவில் அவளை நிற்க வைத்தார்கள். நான் சுவரோரம் போய் நின்றேன். முகம் அழகாக வந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"புடவை பார்டர் தெரியுதாப்பா?" என்றார் பெண்ணின் அத்தை.

தெரியவில்லை. வாசலுக்குப் போனேன்.

"அம்மாவும் நிக்கட்டுமே."

வாசற்படியில் இறங்கினேன்.

"நானும் நிக்கிறேன், மாப்பிள்ளை" என்று அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். அத்தையும் வந்தார். என் அக்காவே ஓடிப் போய் ஓரத்தில் நின்றுகொண்டாள். (சொந்த அக்கா!) "இத்தனை பேர் இதில் அடங்காதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு வாயைத் திறக்க வேண்டுமே! காலை நகர்த்துவது சுலபம். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் பின்னாலேயே போனேன். கேட் தாண்டியது. சாக்கடை தாண்டியது. தெருவின் எதிர்ப்பக்கச் சுவரில் முதுகு இடித்தபோதுதான் எல்லோரும் கட்டத்துக்குள் வந்தார்கள். அமுக்கினேன்.

அமுக்கிய அதே நொடியில் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு வேன் வந்து நின்றது.

வையம்பட்டிப் பக்கத்திலிருந்து பெருமாள் சேவிக்க வந்த கூட்டம். டிரைவரிடம் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு பெரியவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டார்.

"போட்டோக்காரரே, கோபுரம் முழுசாத் தெரியற மாதிரி எங்களை ஒண்ணு எடுங்க!"

"இல்லைங்க, நான் பொண்ணு பார்க்க வந்திருக்கேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க" என்றேன். அந்த லென்ஸில் ராஜகோபுரம் முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் நான் சமயபுரத்துக்குத்தான் போக வேண்டும். போகத்தான் ஆரம்பித்தேன். அவர்கள் சிரித்தபடி நிற்க, நான் தெருக்கோடி வரைக்கும் பின்னாலேயே நடந்தேன்.

வீட்டுக்குள் நடந்ததை அக்கா பிற்பாடு சொன்னாள். வேன் நகர்ந்ததும் பார்த்தால் எதிர்ப்பக்கம் ஆளைக் காணோம். எல்லோரும் திரும்பி டம்ளரைப் பார்த்திருக்கிறார்கள். காபியில் ஆடை படிந்திருந்தது. "பொண்ணு பிடிக்கலைன்னா நேர்ல சொல்லலாமே, இப்படியா நழுவுறது?" என்று அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். "என்னம்மா பிள்ளை வளர்த்திருக்கீங்க!" என்று அத்தை என் அக்காவைப் பிடித்துக்கொண்டாராம்.

தெருக்கோடியில் நான் கோபுரத்தின் உச்சியைத் தேடிக்கொண்டிருந்தபோது, கேமராவுக்குள் மஞ்சளாக ஏதோ வந்தது. பெரிசாகிக்கொண்டே வந்தது. கண்ணை எடுத்துப் பார்த்தால் கலைவாணி. கையில் அந்த டம்ளர்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போங்க. தெருத்தெருவா எதுக்கு ஓடுறீங்க?"

"இல்லைங்க... லென்ஸுங்க."

"என்ன லென்ஸு?"

"இது ஜூம் ஆகாதுங்க. முழுசா எடுக்கணும்னா நான்தான் பின்னாடி போகணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மருந்துச் சீட்டைப் பார்க்கிற மாதிரி.

"அம்மா அங்க அழுதுட்டு இருக்காங்க. எங்க வீட்டு வழக்கம் தெரியும்ல?"

"தெரியுங்க."

"அப்ப என்ன சொல்றீங்க?"

என் வாழ்க்கையிலேயே நான் வாய் திறந்து பேசியிருக்க வேண்டிய இடம் அது. நானோ அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, நடுத்தெருவில் நின்று, ஆடையோடு ஒரே மடக்காகக் குடித்தேன். வாசலில் கூடியிருந்த இரண்டு வீட்டாரும் அதைப் பார்த்தார்கள். என்ன நடக்கிறதென்று புரியாத வையம்பட்டிக் கூட்டம் கை தட்டியது.

"ஆறிப்போச்சே, நல்லாவா இருந்துச்சு?" என்றாள்.

"ஆச்சுங்க" என்றேன். (பழக்கதோஷம்.)

அன்றைக்கு எடுத்த படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் வேன் டிரைவர் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, மீசையின் ஒவ்வொரு முடியும் எண்ணும்படி பளிச்சென்று இருக்கிறார். அவருக்குப் பின்னால், வேனின் மறுபக்க ஜன்னல் வழியே, நான் ஆசைப்பட்டபடியே, எல்லாம் பஞ்சு மாதிரி கரைந்திருக்கிறது. அந்தப் பஞ்சில் மஞ்சளாகத் தெரிவதுதான் என் மனைவி. வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மகள், "இதுதான் எங்கம்மா" என்று மஞ்சளைத் தொட்டுக் காட்டுவாள். "அப்ப இவர் யாரு?" என்று அவர்கள் டிரைவரைக் காட்டிக் கேட்பார்கள். யாருக்கும் தெரியாது.

பிறகு நான் அந்தக் கடைக்கே போய் ஐம்பதை வாங்கினேன். பக்கத்தில் நின்று பேசவும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதை மாமனார் நம்புவதாக இல்லை. இன்றைக்கும் ஸ்ரீரங்கத்து வீட்டில் ஏதாவது விசேஷம் வந்து, நான் பையைத் திறந்து கேமராவை எடுத்தால் போதும், உள்ளேயிருந்து அவர் குரல் வந்துவிடும்:

"மாப்பிள்ளை கேமராவை எடுத்துட்டாரு. யாராவது போய் கேட்டைப் பூட்டுங்கப்பா!"